பச்சை பெல்ட் பிள்ளையை வெள்ளைக்கு அனுப்புற கராத்தே கிளாஸுகளே, கொஞ்சம் கேளுங்க

அப்பாவுக்கு மாற்றல். மதுரையில கராத்தே கத்துப் பச்சை பெல்ட் வரைக்கும் வந்த பிள்ளை சென்னைக்கு வருது. பக்கத்துத் தெரு கிளாஸ்ல கேட்டா மாஸ்டர் ஒரு கட்டா (குத்து, உதை, தடுப்பை வரிசையாத் தனியாச் செஞ்சு காட்டறது) கூடச் செய்யச் சொல்லிப் பாக்கறதில்லை. "எங்க அசோசியேஷன்ல அது செல்லாதுங்க, வெள்ளையில இருந்து ஆரம்பிச்சுடலாம்." எட்டாங்கிளாஸ் முடிச்ச பையன் ஊர் மாறினா எல்கேஜியில உக்காரச் சொல்வீங்களா?

இதுக்குப் பின்னால இருக்கிற கணக்கு ரொம்ப எளிசு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவுல எட்டு டெஸ்ட்டுன்னு வைங்க, ஒவ்வொண்ணுக்கும் 1500 ரூபான்னு வைங்க. ஒரு பிள்ளைக்கு 12,000. பச்சையில வந்து சேருற பிள்ளை அதுல பாதியை வேற மாஸ்டர்கிட்ட கட்டிட்டு வந்திருக்கு. அந்தப் பாதியை விட மனசு வராதவங்கதான் "செல்லாது"ன்னு சொல்றாங்க. கராத்தேக்குக் கறுப்பு பெல்ட் வந்ததே 1924ல, ஜூடோவைப் பாத்து, ஷோட்டோகான்ங்கிற கராத்தே ஸ்டைலோட மாஸ்டர் ஃபுனகோஷி எடுத்துக்கிட்டது. இப்ப அதுக்குக் கீழ இருக்கிற கலர் பெல்ட்டெல்லாம் நம்ம ஊர்ல மாசாமாசம் வாடகை கட்டுது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். கராத்தேயில ஷோட்டோகான், ஷிட்டோ ரியூ, கோஜு ரியூ, வாதோ ரியூ, கியோகுஷின்னு பல ஸ்டைல் இருக்கு. ஸ்டைல் மாறினா திருத்த வேண்டியது நிஜமாவே நிறைய இருக்கு. ஷோட்டோகான்ல ஷுட்டோ உக்கே (விரிச்ச கையோட ஓரத்தால தடுக்கிற பிளாக்) போடறப்ப கொக்குட்சு தாச்சிங்கிற பின்பக்க ஸ்டான்ஸ்ல நிக்கணும், எடையில 70 சதவீதம் பின்காலுக்குப் போகும். ஷிட்டோ ரியூவுல அதே பிளாக்கை நெக்கோ ஆஷிங்கிற பூனைக்கால் ஸ்டான்ஸ்ல போடுவாங்க, முன்காலைச் சும்மா தொட்டு வைக்கணும். முன்பக்க ஸ்டான்ஸும் ஷோட்டோகான்ல நீளம், தாழ்வு. ஷிட்டோ ரியூவுல குட்டை, உயரம். கோஜு ரியூவுக்குப் போனா ஹேயான்ங்கிற ஆரம்பக் கட்டா வரிசையே கிடையாது, கெக்கிசாய்ங்கிற கட்டாவுல ஆரம்பிக்கணும். கியோகுஷின் பக்கம் போனா இன்னும் மோசம்: தொட்டதும் பாயிண்ட் எடுத்துப் பழகின பிள்ளை, உடம்புல முழு வேகத்துல குத்து விழற தூரத்துல நிக்கக் கத்துக்கணும்.

பெற்றோரைக் குழப்புற சங்கதி இன்னொண்ணு. ஷோட்டோகான்காரங்க ஹேயான் ஷோதான்னு சொல்றதைத்தான் ஷிட்டோ ரியூ, வாதோ ரியூகாரங்க பினான் நிதான்னு சொல்றாங்க. ஷோதான்னா முதலாவது, நிதான்னா ரெண்டாவது. ஒகினாவா மாஸ்டர் இட்டோசு அமைச்ச வரிசையில முதல் ரெண்டு கட்டாவையும் ஃபுனகோஷி இடம் மாத்திட்டாரு. "முதல் கட்டா பண்ணு"ன்னதும் பிள்ளை தனக்குத் தெரிஞ்ச முதலாவதைப் பண்ணும். "அடிப்படையே தெரியலையே"ன்னு மாஸ்டர் உதட்டைப் பிதுக்குவாரு. இது தெரியாத மாஸ்டர்னா வேற கிளாஸ் பாருங்க. தெரிஞ்சே பிதுக்கினா, சத்தியமா வேற கிளாஸ் பாருங்க.

யோக்கியமான மாஸ்டர் என்ன செய்வாரு? ஒரு மாசம் பாப்பாரு. வேணும்னா கிளாஸ்ல வெள்ளை கட்டிக்கச் சொல்வாரு, சரி. அவங்க ஸ்டைல் கட்டா ரெண்டு மூணைச் சொல்லிக் கொடுத்து, மூணுல இருந்து ஆறு மாசத்துல ஒரே டெஸ்ட் வச்சுப் பழைய பெல்ட்டுக்குக் கொண்டுவருவாரு. ஒரே டெஸ்ட், ஒரே ஃபீஸ். ஒரே ஸ்டைல்னா அதுகூடத் தேவையில்லை. மறுபடி மஞ்சள், மறுபடி ஆரஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் சர்டிஃபிகேட்டுன்னா அது பகல் கொள்ளை.

ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே பழைய மாஸ்டர்கிட்ட லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிடுங்க: எந்த ஸ்டைல், ஒவ்வொரு பெல்ட்டும் வாங்கின தேதி, எந்தக் கட்டா வரைக்கும் வந்திருக்கு, எந்தச் சங்கத்துல பதிவு. போட்டிக்குப் போற பிள்ளைன்னா மாவட்டம் மாற தடையில்லாச் சான்றும் கேட்டு வைங்க. அப்புறம் அலைஞ்சா கிடைக்காது.

புதுக் கிளாஸுக்குப் போனா சுவத்துல இருக்கிற ஃபோட்டோவைப் பாக்காதீங்க, தரையைப் பாருங்க. மொட்டை மாடி சிமெண்டுலயும் கல்யாண மண்டப டைல்ஸ்லயும் பிள்ளைங்களைக் குதிக்க விடறாங்க. கராத்தேக்கு 20, 25 மில்லிமீட்டர் மாட் போதும். தூக்கிப் போடறதெல்லாம் சொல்லித் தர்றதா இருந்தா 40 வேணும். மாட் இருந்தாலும் குனிஞ்சு இணைப்பைப் பாருங்க. தேய்ஞ்ச பல்லு விரிஞ்சிருந்தா, காலைத் திருப்பறப்ப கட்டைவிரல் அந்த இடுக்குல மாட்டும், முறியறது அங்கதான்.

அடுத்தது வார்ம் அப். எட்டு வயசுப் பிள்ளையை சிமெண்டுல முஷ்டி மடக்கித் தண்டால் எடுக்க வைக்கிறாங்க. வளர்ற எலும்பு அது! உக்காந்தபடியே வாத்து நடை, ஸ்ப்ளிட் வரலைன்னு மாஸ்டர் தொடை மேல ஏறி அழுத்தறது, காத்துல நூறு கிக். ஒவ்வொரு கிக்கோட கடைசியிலயும் முட்டியைப் பூட்டி நீட்டினா நாளாக ஆக மூட்டு வலிதான் மிச்சம். உதைச்ச வேகத்துலயே காலை மடக்கி இழுக்கணும். இதைத் திருத்தாம "இன்னும் பத்து"ன்னு கத்தறவரு மாஸ்டர் இல்லை.

பாடம் நல்லா இருக்கான்னு தெரிய பிள்ளைங்க கட்டா பண்றப்ப கடைசி வரிசையைப் பாருங்க. ஹேயான் ஷோதான்ல இடப்பக்கம் ஒரு பிளாக், ஒரு பஞ்ச், உடனே பின்னால முழுசாத் திரும்பணும். அதுவரைக்கும் பக்கத்துப் பையனைப் பாத்துப் பண்ணின பிள்ளைக்கு, திரும்பினதும் முன்னால யாருமே இல்லை. கை பாதியில நிக்கும், கண்ணு மாஸ்டரைத் தேடும். பச்சை பெல்ட்டே அப்படி நின்னா அங்க பெல்ட்டுதான் விக்கறாங்க. ஞாயித்துக்கிழமை டெமோவை நம்பாதீங்க, புதன்கிழமை சொல்லாம போங்க. பேனர்ல இருக்கிற மாஸ்டர் வீட்ல இருப்பாரு. ப்ளஸ் ஒன் படிக்கிற பிரவுன் பெல்ட் தம்பி அறுபது பிள்ளைங்களை மேய்ச்சிட்டிருப்பான். பாவம், அவனுக்குச் சம்பளமும் இருக்காது.

பெத்தவங்க உள்ள உக்காந்து பாக்கக் கூடாதுங்கிற கிளாஸைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். எழுந்து வந்துடுங்க.

குமித்தே (ரெண்டு பேர் மோதுற பயிற்சி) விட்டா கிளவுஸ், ஷின் கார்டு, மௌத் கார்டு வேணும். உலகக் கராத்தே சம்மேளன விதியில 14 வயசுக்குக் கீழ முகக் கவசமும் உண்டு. ஒரே கிளவுஸை அடுத்தடுத்துப் பத்துப் பேர் மாட்டினா படர்தாமரை இலவசம்.

சர்டிஃபிகேட் கதை தனி. டேக்வாண்டோவுல குக்கிவோன்னு ஒரு இடம் இருக்கு, கறுப்பு பெல்ட் நம்பரை அங்கயே சரிபாக்கலாம். கராத்தேக்கு அப்படி ஒரே இடம் கிடையாது. அதனாலதான் தெருவுக்கு ஒரு "இன்டர்நேஷனல்". 2020ல இந்தியாவுல அப்ப இருந்த தேசியச் சங்கத்தோட அங்கீகாரத்தையே உலகச் சம்மேளனம் நிறுத்தி வச்சுது. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும்னு மாஸ்டர் சொன்னா எந்தச் சங்கம், இந்த வருஷம் அங்கீகாரம் இருக்கான்னு எழுதிக் கேளுங்க. வாயால சொல்றது காலேஜ் கவுன்சிலிங்ல ஏறாது.

உலக சாதனைன்னு ஆயிரம் பிள்ளைங்களை மைதானத்து வெயில்ல நிக்க வச்சு, ஆளுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி, சாயந்திரம் எல்லாருக்கும் ஒரே மெடல். ஓடு உடைக்கிறதும் அப்படித்தான். ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவுல சின்னக் கட்டை வச்சு அடுக்கினா மேல உடையறது கீழ விழுந்து அடுத்ததையும் உடைச்சிட்டுப் போகும். கட்டையை எடுத்துட்டு அதே ஓடுகளை ஒட்டி அடுக்கி உடைக்கச் சொல்லுங்க, பாப்போம்.

கடைசியா டிரஸ். நல்லா இருக்கிற பழைய டிரஸ்ல நெஞ்சுல இருக்கிற சின்னத்தைப் பிரிச்சுட்டுப் புதுசைத் தைக்க டெய்லருக்கு அஞ்சு நிமிஷ வேலை. அதைச் சொன்னா, "இல்லைங்க, எங்க டிரஸ்தான் கட்டாயம்"னு அளவு பாக்காம ஒரு பாக்கெட்டை நீட்டுவாங்க. 1200 ரூபா, தொட்டா பாலியஸ்டர், கை ரெண்டு விரல்கடை தாண்டித் தொங்கும். "வளர்ற பிள்ளைதானே"ம்பாங்க. அடுத்த வருஷம் சின்னத்தை மாத்திட்டு அதையும் செல்லாதும்பாங்க.