மூங்கில் தரை: நிறம் அடர்ந்தால் உறுதி கூடுமா?

"மூங்கில் பலகை எதுவானாலும் இரும்பு மாதிரி. அதிலும் காப்பி நிறத்தில் இருப்பதுதான் நன்றாக முற்றியது, அதையே வாங்குங்கள்" என்றொரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

அந்தப் பழுப்பு நிறம் முற்றியதால் வருவதில்லை. மூங்கில் கீற்றுகளை நீராவியில் சூடாக்கும்போது அவற்றிலுள்ள சர்க்கரை கருகி நிறம் மாறுகிறது. அதே சூடு நாரையும் தளர்த்திவிடும். அதனால் ஒரே வகைப் பலகையில் பழுப்பு நிறத்தைவிட இயல்பான வெளிர் நிறமே கடினமானது. நாற்காலிக் கால் பதிந்து தரையில் குழி விழுந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

மூங்கில் புல் இனம். தரைப் பலகைக்கு அதிகம் பயன்படும் மோசோ வகை முற்றி உறுதிபெற 5 முதல் 6 ஆண்டுகள் ஆகும். அவசரப்பட்டு வெட்டியது மென்மையாகவே இருக்கும். வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆகவே நிறத்தைப் பார்க்காமல், வெட்டிய வயதையும் ஜான்கா கடினத்தன்மை எண்ணையும் (பலகை குழி விழாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைக் காட்டும் அளவு) கேளுங்கள். நாராகப் பிரித்து, பசை சேர்த்து, பெரும் அழுத்தத்தில் இறுக்கிய பலகைக்கு அந்த எண் பெரும்பாலும் சாதாரண மூங்கில் பலகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற, காற்றில் கலந்து உடலுக்குக் கேடு செய்யும் வேதிப்பொருள் இருக்கலாம் என்பதால் அதன் வெளியேற்ற அளவுக்கான சோதனைச் சான்றும் அவசியம். குழந்தைகள் தவழும் வீடென்றால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

தண்ணீர் தேங்கினால் மூங்கிலும் உப்பும். குளியலறைக்கு வேண்டாம்.