சபையிடம் தகவல் கேட்க ஸ்மார்ட்போன் வேண்டுமா? வேண்டாம்

"இனி உள்ளூராட்சி சபையிடம் தகவல் கேட்பதென்றால் ஆன்லைனில் பதிந்து 500 ரூபா கட்ட வேண்டும், கடிதம் செல்லாது" என்று திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய். தயவுசெய்து யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கொப்பித் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாலே போதும். மின்னஞ்சலும் எழுத்தாகவே கணக்கு. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. பிரதி எடுப்பதென்றால் ஏதாவது கட்டணம் கேட்கலாம்.

எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம், அதை எழுதிக்கொள்வது சபையில் தகவல் கோரிக்கைகளைக் கவனிக்கும் தகவல் அலுவலரின் கடமை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திருக்கடலூரில் பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் ஓர் அம்மா நேரில் போய், "எங்கட ஒழுங்கைக்கு வடிகான் போட எவ்வளவு காசு ஒதுக்கினீங்கள்?" என்று கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

கேட்டதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கி வையுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சரி, மறுத்துவிட்டால்? 14 நாட்களுக்குள் அதே சபையில் மேன்முறையீடுகளைக் கவனிக்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்' மேன்முறையீடு செய்யலாம்.