தடுப்பூசி விலக்கு யாருக்கு?

எங்கள் பகுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படிவத்தைப் போட்டிருந்தார். அமெரிக்க மாநிலம் ஒன்றில் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற படிவம். எங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவராததால் பிள்ளைக்குத் தடுப்பூசி போடவில்லை, விலக்கு தாருங்கள் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இதையே தமிழில் எழுதி எல்.கே.ஜி. அட்மிஷனுக்குக் கொடுத்தால் நம் சேலத்துப் பள்ளிகள் ஏற்குமா என்று கேட்டிருந்தார். கீழே "எனக்கும் அனுப்புங்க சார்" என்று வரிசையாகப் பதில்கள். எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

நான் ஏற்காடு மலையில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அங்கே இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது. (அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) தட்டம்மை ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி, சிகிச்சை முடியும்வரை அவனுக்கு அதைப் போடக் கூடாது. கைக்குழந்தையில் போட்டதன் பலனையும் இந்த மருந்துகள் கரைத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா காபி எஸ்டேட்டில் கூலி. தினமும் காலையில் வாசலில் அவன் கையைப் பிடித்தபடியே நின்று, "டீச்சர், இன்னைக்கு யாருக்காச்சும் காய்ச்சல், கொப்புளம் இருக்குதுங்களா?" என்று கேட்பார். நான் வகுப்பை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து இல்லை என்று சொன்ன பிறகுதான் கையை விடுவார். மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு அவன் ஜன்னலோரம் போய் உட்காருவான்.

விலக்கு என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பிள்ளைக்கு உரியது. இவனுக்கு ஊசி போட முடியாது, சுற்றி இருக்கிற பிள்ளைகள்தான் இவனுக்கு வேலி. அந்த வேலியில் ஆளாளுக்கு ஒரு முள்ளை உருவிக்கொண்டு போனால் இவன் எங்கே போவான்?

தட்டம்மை சாதாரணமாகப் பரவுகிற நோய் அல்ல. பாதுகாப்பில்லாத கூட்டத்தில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். வந்தவர் எழுந்து போன பிறகும் அந்தக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி நிற்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். மார்கழிக் குளிரில் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுகிற மலை பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். அதில் ஒன்பது மாதம் நிறையாத, இன்னும் முதல் ஊசிக்கே வயது வராத குழந்தைகளும் மடியில் இருக்கும். நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் இதை நிறுத்த முடியும்.

நம்பிக்கை என்கிறார்கள். எங்கள் மலையில் இல்லாத நம்பிக்கையா? அம்மை கண்டால் வேப்பிலை கட்டுவார்கள், ஆத்தா வந்திருக்கா என்று வாசலில் வேற்றாளை விடமாட்டார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அதே தாய்மார்கள்தான் புதன்கிழமையானால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு நடக்கிறார்கள். மழையில் நர்ஸம்மா வர முடியாமல் போய், தவணை தள்ளிப்போன பிள்ளைகள் இங்கே உண்டு. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

பயம் வருவது எனக்குப் புரியாமல் இல்லை. 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்ததை எந்தத் தாயும் மறக்க மாட்டாள். அதனால்தான் போடுகிற இடம், போடுகிற ஆள், மருந்து வைத்திருக்கிற முறை எல்லாவற்றையும் நாம் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் வந்தபோது நடந்தது கேள்வி அல்ல. வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவைக் கேட்டுவிட்டு, ஊசி நாளில் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

படிவம் வந்த நாட்டின் கதையையும் முழுசாகப் பார்ப்போம். 2014 டிசம்பரில் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டிலிருந்து தட்டம்மை கிளம்பியது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் சொந்த நம்பிக்கைக்காகத் தரும் விலக்கைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. உடனே மருத்துவ விலக்குக் கடிதங்கள் பெருகின. பிள்ளைகளுக்கு நோயா கூடியது? கடிதம் எழுதித் தரும் டாக்டர்கள்தான் கூடினார்கள். 2019இல் இன்னொரு சட்டம் வந்தது: ஒரு டாக்டர் ஆண்டுக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் விலக்கு கொடுத்தால் அரசு எடுத்துப் பார்க்கும். அதே ஆண்டு நியூயார்க் மாநிலம் மத விலக்கை நீக்கியது. விலக்கு தாராளமாகக் கிடைக்கும் டெக்சாஸில் 2025இல் தட்டம்மை பரவி, ஊசி போடாத இரண்டு பள்ளி வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். நாம் நகலெடுக்கத் துடிப்பது இந்தப் படிவத்தைத்தான்.

நம் ஊரில் ஊசி போட்டால்தான் பள்ளி என்று சட்டம் இல்லை. அப்படி ஒன்று அரசுப் பள்ளிக்கு வரவும் கூடாது என்பேன். வந்தால் அடிபடுவது மழையில் தவணை விட்ட என் மலைப் பிள்ளைதான். அவனை முதலில் சேர்த்துக்கொண்டு, நர்ஸம்மாவைப் பள்ளிக்கே வரவழைத்துப் போட வேண்டும். விண்ணப்பத்தோடு தடுப்பூசி அட்டை கேட்கிற தனியார் பள்ளிகளிடம் என் வேண்டுகோள் வேறு. விலக்குக் கடிதம் வந்தால் அதில் டாக்டரின் பதிவு எண், எந்த ஊசிக்கு, என்ன காரணத்துக்கு, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். லேசான சளி காரணமே ஆகாது. நம்பிக்கை என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

"எனக்கும் அனுப்புங்க" என்று கேட்டவர்களுக்கு: விட்டுப்போன தட்டம்மை, ரூபெல்லா ஊசியை அரசுத் திட்டத்திலேயே 5 வயது வரை போட்டுக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. எல்.கே.ஜி. சேரப் போகிற பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வருகிற புதன்கிழமையே போய்விட்டு வாருங்கள்.