மெயில் அனுப்பிவிட்டால் ஆயிற்றா?

மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்ததும் வெப்சைட்டுகளைத் தங்கள் சர்வரில் வைத்து நடத்தித் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் மெயில் அனுப்ப வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. அனுப்பத்தான் செய்கிறார்கள். யார் படிக்கிறார்கள்? சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைகளுக்கும் ஏற்காடு விடுதிகளுக்கும் வெப்சைட் செய்து தருபவன் நான். ஒரு விடுதிக்காரருக்கு வந்த மெயிலைப் பார்த்தேன். 'முக்கிய அறிவிப்பு' என்று தலைப்பு, உள்ளே ஒரு சிவிஇ எண் (ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்), கீழே 'மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளவும்'. எந்த மென்பொருள், அது அவர் சைட்டில் இருக்கிறதா, ஒரு வார்த்தை இல்லை. தள்ளுபடி விளம்பரம் வரும் அதே முகவரி என்பதால் அவர் திறக்கவே இல்லை. பல பேருக்கு அதுகூட வராது; கணக்கில் இருப்பது எப்போதோ சைட் செய்து கொடுத்துவிட்டு பெங்களூரு போய்விட்ட பையனின் மெயில் ஐடி.

பல வெப்சைட்டுகள் ஒன்றாக இருக்கும் ஷேர்டு சர்வரில், வெப்சைட் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸின் எந்தப் பதிப்பை யார் வைத்திருக்கிறார் என்று நிறுவனமே ஸ்கேன் செய்து பார்க்கலாம். அப்புறம் ஏன் ஊருக்கெல்லாம் ஒரே மெயில்? பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் சைட் பெயர், பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) பெயர், மாற வேண்டிய பதிப்பு என்று தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பட்டும். லாகின் லிங்க் மட்டும் வேண்டாம், மோசடிக்காரனும் அதைத்தான் அனுப்புகிறான்.

அவசரம் என்றால் இதுவும் தாமதம்தான். 2014 அக்டோபரில், வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான டுருபல் 7இன் ஓட்டை வெளியானபோது, 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் உடைக்கப்பட்டதாகவே கருதுங்கள் என்று டுருபல் குழுவே சொன்னது. அந்த மாதிரி நேரத்தில் ஹோஸ்டிங் நிறுவனமே முதலில் ஃபயர்வாலில் (சர்வருக்கு வருவதை வடிகட்டும் தடுப்பு) தடுத்துவிட்டு, பிறகு சொல்லலாம்.

2022இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சரி, அது அரசுக்கு. கொலுசுக் கடைக்காரருக்கு எத்தனை மணி நேரம்?