கம்பெனி ஸ்பான்சர் பண்ற பிஆராம்ல!

அந்த வீடியோவை இனிமே யாரும் எனக்கு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. "டிகிரி தேவையில்லை, கம்பெனியே ஸ்பான்சர் பண்ணி சிங்கப்பூர் பிஆர்"னு (நிரந்தரவாசம்) சிங்கப்பூர் தேக்காவுல நின்னு ஒரு ஏஜென்ட் சிரிச்சுக்கிட்டே பேசுறாரே, அதேதான். கீழே வரிசையா "அண்ணா நம்பர் குடுங்க". அதைப் படிச்சாத்தான் வயிறு எரியுது.

இங்க பிஆருக்குக் கம்பெனி ஸ்பான்சர்னு ஒண்ணு கிடையாது. விண்ணப்பிக்கிறது நீங்க. சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைக்கான லாகின்) உங்களுது, 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணமும் உங்களுது. கிடைக்கலேன்னா அது திரும்பி வராது. கம்பெனி செய்யறது, 'அனெக்ஸ் ஏ' படிவத்துல உங்க வேலை, சம்பளம் நிரப்பிக் கையெழுத்துப் போடறது மட்டும்தான். முடிவு ஐசிஏ, அதாவது குடிநுழைவு ஆணையத்தோட கையில. பொதுவா ஆறு மாசம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட ஆகலாம், மறுத்தா காரணம் சொல்ல மாட்டாங்க. இதுல எந்த ஏஜென்ட் எதை "வாங்கித் தர" முடியும்?

ஒர்க் பர்மிட்ல (அடிப்படை வேலை அனுமதி) இருக்கறவங்களுக்கு இந்த வழியே கிடையாது. எஸ் பாஸோ (நடுத்தரத் திறன் வேலை அனுமதி), ஈபியோ (உயர்நிலை வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ்) வேணும். ஈபிக்கு காம்பஸ்ங்கற மதிப்பீட்டு முறையில 40 புள்ளி வேணும். டிகிரி இல்லேன்னா படிப்புக்குப் பூஜ்யம், மத்ததுல தேத்தணும். ஆக, நம்மாளுக்கு நடைமுறையில எஸ் பாஸ்தான்.

அங்கதான் கம்பெனியோட பிடி. சேவைத் துறையில எஸ் பாஸ் கோட்டா, மொத்த ஆள்ல 10 விழுக்காடு. உள்ளூர் ஆள் 9 பேர் இருந்தாத்தான் ஒரு எஸ் பாஸ். செப்டம்பர் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. அது இளவட்டத்துக்கு. வயசு ஏற ஏற அதுவும் ஏறி 45ல 4,800. அந்த வீடியோவுல இதைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா?

இருக்காது. ஏன்னா அவங்க தொழிலே, காகிதத்துல காட்டற சம்பளத்துக்கும் நிஜமா குடுக்கறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் நடக்குது. பேங்க்ல 3,300 விழும். அன்னிக்கே ஏடிஎம்ல ஆயிரத்துச் சொச்சம் எடுத்து கம்பெனி ஆள் ஒருத்தர் கையில திருப்பிக் குடுக்கணும். வேலை குடுத்ததுக்கு இப்படிக் காசு வாங்கறது குற்றம்: 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் சிறை. பிஆருக்குக் கேக்கற 6 மாச பே ஸ்லிப்பும் அதே பொய்ச் சம்பளம்தான். மாட்டினா அந்த வீடியோ அண்ணன் போனை எடுப்பாரா?

"ஃபார்ம் நிரப்ப உதவினா தப்பா?"ன்னு கேப்பீங்க. தப்பே இல்ல. கிராமத்துப் பிறப்புச் சான்றிதழ் தமிழ்ல இருந்தா மொழிபெயர்த்து நோட்டரி வாங்கணும், அதுக்குக் காசு குடுங்க. "கேரண்டி"க்குக் குடுக்காதீங்க.

அடுத்தது, "டிகிரி இல்லாதவனுக்கு எதுக்குப் பிஆர்?" இதையும் நம்ம தமிழாளுங்கதான் கேக்கறாங்க, ஈபி வச்சிருக்கற மிதப்புல. படிப்பையும் பாப்பாங்க, மறுக்கல. வயசு, குடும்பம், எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, எல்லாமே பாப்பாங்க. எஸ் பாஸ் ஆளு விண்ணப்பிக்கலாம்னு ஐசிஏவே சொல்லும்போது நடுவுல நீங்க யாரு?

எனக்குத் தெரிஞ்ச ஏர்கான் டெக்னீஷியன் ஒருத்தர். ஐடிஐ முடிச்சவர், எஸ் பாஸ். எல்லாப் பேப்பரும் ரெடி, அனெக்ஸ் ஏ மட்டும் பாக்கி. எச்ஆர் சொன்னது: "எங்க பாலிசியில இல்ல. பிஆர் வந்தா ஓடிடுவீங்க." ஒரு கையெழுத்து சார், ஒரே ஒரு கையெழுத்து! ராத்திரி பதினொரு மணிக்கு கம்ப்ரஸர் நின்னா மட்டும் அவரைக் கூப்பிடறதுக்குப் பாலிசி இருக்கு.

ஓடற மாதிரி குறைச்சலா சம்பளம் குடுத்தா, பிஆர் இல்லாமலே வேற கம்பெனிக்குப் பாஸ் மாத்திக்கிட்டும் ஓடுவான். சரி, உங்க லாபக் கணக்குக்கே வருவோம். அவருக்கு மாசம் 3,500 வெள்ளின்னு வைங்க. இப்போ லெவி (வெளிநாட்டு ஊழியருக்காகக் கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டற மாத வரி) 650 கட்டறீங்க. பிஆர் ஆயிட்டா லெவி இல்ல, சிபிஎஃப் (சேமநிதி) தான். முதல் வருஷம் கம்பெனி பங்கு 4 விழுக்காடு, அதாவது 140 வெள்ளி. ரெண்டாம் வருஷம் 9, 315 வெள்ளி. மூணாம் வருஷம் முழுசா 17 போட்டாலும் 595. அப்பவும் மாசம் 55 வெள்ளி மிச்சம், கூடவே ஒரு எஸ் பாஸ் இடமும் காலியாகுது. இதுல எங்க நட்டம்னு ஏதாவது எச்ஆர் இருந்தா கமெண்ட்ல காட்டுங்க. கணக்கோட வாங்க, "பாலிசி"யோட வேணாம்.