இருபது விரலில் ஒன்றுகூடப் பொருந்தவில்லையாம்

கைரேகை பொருந்தவில்லை, பொருள் இல்லை என்று நேற்றும் ரேஷன் கடையிலிருந்து அம்மாவை அனுப்பிவிட்டார்கள். இந்த மாதம் இது மூன்றாவது தடவை.

எங்கள் ஊரில் இருப்பது பகுதி நேர ரேஷன் கடை. வாரத்தில் இரண்டு நாள்தான் திறப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக் கரிசல் கிராமம், மொத்தமே நூற்றுச் சொச்சம் வீடு. லீவுக்கு வந்த இடத்தில், சரி, அம்மாவோடு நானும் போனேன்.

முதலில் அம்மாவின் வலது கட்டைவிரல். ரேகை பார்க்கும் மெஷின் சிவப்பு விளக்கு காட்டியது. இடது கட்டைவிரல், அதுவும் சிவப்பு. "சேலையில துடைச்சுட்டு வைங்கக்கா" என்றார் கடைக்காரர். துடைத்து வைத்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். தண்ணீரில் நனைத்து ஒரு தடவை, தேங்காய் எண்ணெய் தடவி ஒரு தடவை. வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா எலுமிச்சம்பழத் தோலைத் தேய்க்கச் சொன்னார். அதையும் செய்தோம். கடைசியில் சுண்டுவிரல். பொருந்தவில்லை.

அப்பாவைக் கூப்பிடச் சொன்னார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மனிதரைக் காட்டிலிருந்து அழைத்துவந்தேன். அவர் காலமெல்லாம் கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போட்டவர். அவருடைய பத்து விரலும் அப்படியே சிவப்பு.

என் விரல் உதவாது. கல்யாணத்துக்குப் பிறகு பெயரை நீக்கித் திருப்பூரில் தனிக் கார்டு வாங்கிவிட்டேன்.

"அப்ப ஓடிபி போடலாம்" என்றார். வரும், ஆனால் டவர் கண்மாய்க் கரையில்தான் கிடைக்கும். போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன். எண் வந்தது. கத்திச் சொன்னால் கடைக்குக் கேட்காது. திரும்பி ஓடிவந்து மூச்சிரைக்கச் சொல்கிறேன், நேரம் முடிந்துவிட்டதாம். மறுபடி அனுப்பினார்கள், மறுபடி ஓடினேன். இந்தத் தடவை எண் சரி, மெஷினுக்குச் சிக்னல் போய்விட்டது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் வாசலுக்குமாக நடந்தார் கடைக்காரர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சிக்னல் வந்தபோது எடைத் தராசு மெஷினோடு இணையவில்லை. மணி ஒன்று ஆனது. கடையைப் பூட்டிவிட்டார்கள்.

துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். வெளிக்கடையில் என்ன விலை என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். எல்லாம் சரி. எங்கள் அம்மா கைக்கு அது எப்போது வரும்?

அந்தக் கையைப் பார்த்திருக்கிறீர்களா? நாற்பது வருஷமாக முண்டு மிளகாய்ப் பழம் பறித்த கை. பழம் பறிக்கிற மாதங்களில் காரம் ஏறி ராத்திரியெல்லாம் எரியும், தோல் உரியும். பருத்திக் காயின் காய்ந்த முனை கீறிக் கீறி விரல் நுனி தழும்பாகிவிட்டது. ரேகை எங்கிருந்து இருக்கும்? இது மெஷினை வாங்கியவர்களுக்குத் தோன்றவே இல்லையா? கிராமத்து ரேஷன் கடைக்கு வருகிறவர்கள் யார் என்று நினைத்தார்கள்?

ஆதாரில் ரேகையைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். போன வருஷம்தான் டவுனுக்குப் போய்ப் புதுப்பித்தோம். ஒரு நாள் கூலி போனது. அதற்கு அப்புறமும் ஒரு பருவம் மிளகாய் பறித்தாயிற்று, அவ்வளவுதான். கண் கருவிழி பார்க்கும் மெஷின் பல கடைகளுக்கு வந்துவிட்டதாம், இங்கே வரவில்லை. ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, அப்போது 70 வயது தாண்டியவர்களுக்கு என்றார்கள். அம்மாவுக்கு 61. இன்னும் எத்தனை வருஷம் விரலைத் தேய்த்துக்கொண்டே நிற்க வேண்டுமா?

வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "விடு தம்பி, அடுத்த வாரம் விழுந்துரும்" என்கிறார் அம்மா. எனக்குத்தான் வயிறு எரிகிறது. தெரிந்த பெண், ஊர்க்கார மனுஷி, பத்து வருஷமாக அதே கடையில் வாங்குகிறவர். எதிரே நிற்பவரை எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறது. ஒரு மெஷினுக்குத் தெரியவில்லை என்பதற்காக உலையில் அரிசி இல்லை.

இன்னொரு குறை, எங்கள் ஊருக்கு வர வேண்டிய மாலை நாலு மணி பஸ். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, 2021 மே மாதத்திலிருந்து. நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பஸ் வர வேண்டுமே! நேற்றும் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையோடு மூன்று கிலோமீட்டர் நடந்துதான் ஊருக்குள் வந்தார்கள்.