கோல்ஹாஸின் இரண்டு குதிரைகள்

'கோல்ஹாஸ்' நாடகத்தைப் பற்றி நண்பர்களோடு பேசும்போது, "பிடிவாதம் பிடித்து அழிந்தவன் கதை" என்றார் ஒருவர். அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இத்தாலிய நடிகர் மார்கோ பாலியானி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடித்துவரும் தனிநடிப்பு அது. மேடையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட் 1810ல் வெளியிட்ட கதை. ஹான்ஸ் கோல்ஹாஸே என்ற நிஜ வணிகர்தான் அதற்கு மூலம். 1532ல் அவருடைய குதிரைகளைப் பிடுங்கினார்கள், 1540ல் பெர்லினில் அவரையே கொன்றார்கள்.

கதையில் கோல்ஹாஸ் குதிரை வியாபாரி. சாக்சனியில் ஒரு பிரபுவின் கோட்டை வாசலில் அனுமதிச் சீட்டு கேட்டு மறிக்கிறார்கள். இரண்டு கருங்குதிரைகளை ஈடாக விட்டுப் போகிறான். சாக்சனியின் தலைநகர் டிரெஸ்டனில் விசாரித்தால், அப்படி ஒரு சீட்டே கிடையாது! திரும்பி வந்தால் குதிரைகள் வயல் வேலையில் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. பன்றிக் கொட்டிலில் அடைத்திருந்தார்களாம். நிமிர இடமில்லாததால், குதிரைகளோடு கோல்ஹாஸ் விட்டுப்போன வேலைக்காரன் ஹெர்ஸே மேல் பலகைகளைக் கழற்றிவிட, அவை வாத்துகள் மாதிரி கூரைக்கு வெளியே தலையை நீட்டி வீட்டுத் திசையைப் பார்த்தனவாம். அந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு நேரமாகும்.

அப்போதும் அவன் கத்தியை எடுக்கவில்லை. தப்பு நம் பக்கமோ என்று முதலில் ஹெர்ஸேயைத்தான் துருவித் துருவி விசாரிக்கிறான். அப்புறம்தான் வழக்கு. பிரபுவின் சொந்தக்காரர்கள் அரசவையில் இருக்கிறார்கள், வழக்கு தள்ளுபடி. இவனையா பிடிவாதக்காரன் என்பது?

மனுவோடு போன மனைவி லிஸ்பெத், காவலனின் ஈட்டி நெஞ்சில் பட்டுச் சாகிறாள். பகைவரை மன்னிக்கச் சொல்லும் பைபிள் வசனத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் கண் மூடுகிறாள். அவனோ கோட்டையைக் கொளுத்துகிறான், பிரபு ஒளிந்திருந்த விட்டன்பர்க் நகரத்துக்கு மூன்று முறை தீ வைக்கிறான். இங்கே நான் அவனோடு இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் யாருடைய குதிரையைப் பறித்தார்கள்?

கடைசியில் தீர்ப்பு வருகிறது. பிரபுவுக்கு இரண்டு வருடச் சிறை. குதிரைகள் பளபளவென்று தேறி வருகின்றன. ஹெர்ஸேயின் கழுத்துத்துணி, துணிமூட்டைவரை கணக்குப் பார்த்துத் திருப்பித் தருகிறார்கள். குதிரைகளை இரண்டு மகன்களுக்கும் கொடுத்துவிட்டு, நிறைந்த மனதோடு வெட்டுமேடையில் தலையைக் கொடுக்கிறான்.

அந்தக் கணக்கில் லிஸ்பெத் இல்லை.